அரைக்கிணற்றின் ஐந்து முயற்சிகள்

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் உண்டு. மருத்துவமனை அடையாள அட்டையில் அது பத்திரமாக இருக்கிறது. வெளியே யாரும் எடுத்துப் புழங்குவதில்லை. அரைக்கிணறு என்று சொன்னால்தான் ஆள் தெரியும்.

பட்டம் கொடுத்தவன் மனைவியின் தம்பி, ஏ.சி. மெக்கானிக். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் வீட்டுக்கு வந்தவன், கூடத்துச் சுவர் இடுப்பளவுக்கு நீலமாகவும் அதற்கு மேலே பழைய வெள்ளையாகவும் நிற்பதைப் பார்த்தான்.

"என்ன மாமா, புது டிசைனா?"

"இல்ல மாப்ள. பெயின்ட் அடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"எப்பலேருந்து?"

பதில் அடுக்களையிலிருந்து வந்தது. "எங்க கல்யாணத்துக்கு முன்னாடிலேருந்து."

"கிணத்தைத் தாண்டுறவன் முழுசாத் தாண்டணும் மாமா. பாதி தாண்டினா எங்க போய் விழுவான்னு தெரியும்ல?"

அன்றைக்கு விழுந்த பெயர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அதற்கு அவரும் ஒத்துழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். மவுத் ஆர்கனில் ஒரு பாட்டின் முதல் நாலு வரி வாசிப்பார். ஐந்தாவது வரி வரும்போது வேறு வேலை வந்துவிடும். அலமாரி செய்தார், கதவு வைக்கவில்லை. நீச்சல் பழகினார்; அக்கரைக்குப் போவார், திரும்பி வரத் தெரியாது, பாலம் வழியாக ஈரத் துணியோடு நடந்து வருவார். தாடியைக்கூட ஒரு முறை பாதியில் விட்டுவிட்டு டியூட்டிக்குப் போயிருக்கிறார். தண்ணீர் நின்றுவிட்டது என்பது அவர் தரப்பு.

தொழில் மட்டும் அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது. எக்ஸ்ரே எடுப்பவர். எலும்பைப் படம் பிடிப்பதோடு அவர் பொறுப்பு தீர்ந்தது. முறிந்ததா, இல்லையா என்று சொல்வது டாக்டர். "என்ன சார், உடைஞ்சிருக்கா?" என்று மணிக்கட்டைக் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கேட்பவர்களிடம், "படம் நல்லா வந்திருக்கு" என்பார். நெஞ்சுப் படம் எடுக்கும்போது "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பதை அழகாகச் சொல்வார். "விடலாம்" என்பதைச் சொல்லச் சில சமயம் மறந்துவிடும். நோயாளிகள் முகம் கறுத்துத் தாங்களாகவே முடிவெடுத்து விட்டுக்கொள்வார்கள்.

மனைவிக்கு டிரைவிங் ஸ்கூல் வேலை. ஓட்டக் கற்றுக்கொள்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை நம்பி உயிர் வாழ்பவள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், எதிரில் இருப்பவர் தப்பான திசையில் பேச ஆரம்பித்தால் அவளது வலது கால் தரையை அழுத்தும். புருஷன் பேசும்போது அந்தக் கால் தரையிலேயே கிடக்கும்.

அவரது அரைகுறைகள் எதையும் அவள் தொட்டதில்லை. ஒரு டப்பா நீலப் பெயின்ட் வாங்கி மேல்சுவரை அடித்து முடிக்க அவளுக்கு ஒரு பகல் போதும். செய்யவில்லை. பதிலாக, ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்று கேட்பாள். "அந்த அலமாரிக் கதவு என்னாச்சு?" அடுத்த வாரம், "அஞ்சாவது வரி எப்போ வாசிக்கப் போறீங்க?" கேட்பது குத்துவது போலத்தான் இருக்கும். ஆனால் குத்துவதற்கும் ஓர் எதிர்பார்ப்பு வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். செத்த பல்லை யாரும் குத்திப் பார்ப்பதில்லை.

இந்த மனிதர் கையில் கியூப் எப்படி வந்தது என்றால், எக்ஸ்ரே அறையில் ஒரு தட்டு இருக்கிறது. படம் எடுக்கும் முன் சங்கிலி, கடிகாரம், சாவிக்கொத்து எல்லாவற்றையும் கழற்றி அதில் வைக்க வேண்டும். யாரோ ஒருவர் சாவியோடு சேர்த்து ஒரு கியூபையும் வைத்தார். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆறு பக்கம், ஆறு நிறம், பக்கத்துக்கு ஒன்பது சதுரம். கலைத்துவிட்டால் மறுபடி ஒவ்வொரு பக்கமும் ஒரே நிறமாக வரும்வரை திருப்ப வேண்டிய அதே பொம்மைதான். மாதக் கணக்கில் யாரும் தேடி வரவில்லை. அரைக்கிணறு அதைத் திருப்ப ஆரம்பித்தார்.

முதல் அடுக்கு வந்தது. இரண்டாவது அடுக்கும் வந்தது. அதோடு நின்றது. மூன்று வருடம் நின்றது.

"மூணுல ரெண்டு முடிச்சுட்டாரே அக்கா," என்றான் மச்சான். "இவரு கணக்குக்கு இது அதிகம்."

ஒரு நாள் மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது மேசை மேல் கியூப் முழுசாக, ஒவ்வொரு பக்கமும் ஒரே நிறமாக உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் அவரும் அதேபோல உட்கார்ந்திருந்தார். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எங்க, எனக்கு முன்னாடி ஒரு தடவை பண்ணுங்க."

பண்ணினார். கடைசியில் இரண்டு மூலைத் துண்டுகள் மட்டும் நிறம் மாறி நின்றன. அவள் திரும்புகிற மாதிரி இருந்தது; கட்டை விரலால் அந்த மூலைகளை இருந்த இடத்திலேயே 'டக், டக்' என்று திருகிவிட்டார். அவள் முழுசாகத் திரும்பியிருக்கவில்லை.

"இதுக்குப் பேரு திருட்டு," என்றாள். "பாதியில விட்டீங்கன்னாகூடப் பரவாயில்ல. இது வேண்டாம்."

அதன்பிறகு அவர் திருகவில்லை. ரோஷத்தில் கடைசி அடுக்கின் சூத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். இருட்டறையில் படம் கழுவும் காலம் போய்விட்டதால், அந்த அறை காலியாகத்தான் இருந்தது. மதிய இடைவேளையில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, "வலது மேல, மேல் இடம், வலது கீழ" என்று முணுமுணுப்பார். வார்டு நர்ஸ் அவருக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாள். ஒருநாள் கியூப் தானே முடிந்தது. பிறகு பத்துத் தடவைக்கு ஏழு தடவை முடிந்தது. வீட்டில் மூச்சு விடவில்லை. திருடன் என்று பெயர் வாங்கியவன் நகையைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் எங்கே எடுத்தாய் என்றுதான் கேட்பார்கள்.

மச்சான் விளையாட்டாகச் செய்த காரியத்தால் எல்லாம் வெளியே வந்தது.

"மாமா, உங்க பேரைக் கொடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"கியூப் போட்டிக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை, பக்கத்து ஸ்கூல்ல. வயசு வரம்பு கிடையாதாம். அவங்க உங்களை நெனச்சுப் பாக்கலை போல."

"பேரை எடுத்துடு மாப்ள."

"எடுக்க வேண்டாம்," என்றாள் மனைவி. அவள் கால் தரையை அழுத்தியதை அவர் பார்த்தார். "ஒருத்தர் பத்து தடவை டெஸ்ட்ல ஃபெயிலானாலும் நான் அடுத்த வகுப்பு எடுப்பேன். நான் சலிக்க மாட்டேன். ஆனா எனக்கும் நிறுத்துற இடம் ஒண்ணு இருக்குங்க. போய் ஒண்ணே ஒண்ணு முடிங்க. ஊரு முன்னாடி, ஒழுங்கா. முடிக்கலைன்னா திட்டமாட்டேன். இனிமே எதையும் கேக்கவே மாட்டேன். நிம்மதியா இருங்க."

கேள்வி இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றை நினைத்துப் பார்த்தார். பாதி நீலச் சுவர் இருக்கும், கதவில்லா அலமாரி இருக்கும். யாரும் அவற்றைப் பார்க்க மாட்டார்கள்.

போட்டி விதிகளைத் தரவிறக்கிப் படிக்கத் தொடங்கினார். வழக்கம்போல் நடுவில் தூங்கிவிட்டார். முந்தின நாள் மச்சான் வந்து கியூபின் திருகுகளைத் தளர்த்தி, ஏதோ எண்ணெய் விட்டான். "லூசா விட்டாத்தான் ஓடும் மாமா. இறுக்கமா இருந்தா உங்களை மாதிரியே இருக்கும்."

பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் போட்டி. உள்ளே நுழைந்ததும் சடசடவென்று ஒரு சத்தம். தகரக் கூரையில் மழை பிடிக்கிற முதல் நிமிடம் போல. ஆனால் இந்த மழை வலுக்கவும் இல்லை, ஓயவும் இல்லை. கூடம் முழுக்கப் பிள்ளைகள், அவர்கள் கை முழுக்கக் கியூப். பேசும்போதும் திருப்பினார்கள், தண்ணீர் குடிக்கும்போது ஒற்றைக் கையால் திருப்பினார்கள். பெரியவர்கள் சுவரோரம் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார்கள். வரவேற்பு மேசையில் இருந்த பையன் அரைக்கிணற்றைப் பார்த்து, "உங்க பிள்ளை பேரு சொல்லுங்க சார்," என்றான்.

"என் பேருதான்."

"உங்க பேரு வேண்டாம் சார், கலந்துக்கிறவங்க பேரு."

அக்காவோடு பின்னால் நின்ற மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் கூடத்தை விட்டே வெளியேறினான்.

இந்தப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. விளையாட வந்தவர்களே முறைவைத்து ஒருவருக்கொருவர் நடுவராகவும் உட்கார வேண்டும். அரைக்கிணற்றுக்கும் ஒரு மேசை கொடுத்தார்கள். எதிரே முன்பல் இல்லாத ஒரு பொடியன். கியூபைப் பார்வையிடப் பதினைந்து நொடி. எட்டாவது நொடியில் நடுவர் "எட்டு" என்று குரல் கொடுக்க வேண்டும். அரைக்கிணற்றுக்குப் பதற்றத்தில் பழக்க வாக்கியம்தான் வந்தது.

"அசையாம இருங்க."

பொடியன் அப்படியே உறைந்தான். "எவ்வளவு நேரம் அங்கிள்?"

தலைமை நடுவர் ஓடிவந்தார். தாடி வைத்த இளைஞர், தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவது போலப் பேசுபவர். பொடியனுக்கு மறுவாய்ப்புக் கொடுத்தார். அரைக்கிணறு கண்ணை ஒரு முறை சிமிட்டித் திறப்பதற்குள் பொடியன் முடித்துவிட்டு, நடுவரின் கையெழுத்துக்காகச் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தான். கிணறு, இவர்கள் கணக்கில், தரையில் கிடக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்.

அவர் முறை வந்தது. விதி எளிது. ஒவ்வொரு முயற்சிக்கும் இரண்டு நிமிடம்தான். முதல் இரண்டு முயற்சியில் ஒன்றாவது முடிந்தால் மேலும் மூன்று உண்டு. இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். பெயருக்கு எதிரில் டி.என்.எஃப் என்று எழுதிவிடுவார்கள். முடிக்கவில்லை என்று அர்த்தம். உலகத்தில் இத்தனை சொல் இருக்க, அதைப் போய் வைத்திருக்கிறார்கள்.

அவருக்கு நடுவராக வந்தவள் இரட்டைப் பின்னல் போட்ட பத்து வயதுச் சிறுமி. கலைத்த கியூபை மறைத்திருந்த மூடியைத் தூக்கினாள். அவர் பார்த்தார். "எட்டு," என்றாள். "பன்னெண்டு," என்றாள். அவர் மேசைக் கடிகாரத்தில் கைகளை வைத்து எடுத்தார், கடிகாரம் ஓடியது.

முதல் முயற்சி நன்றாகவே போனது என்றுதான் சொல்ல வேண்டும். முதல் அடுக்கு, இரண்டாவது அடுக்கு, மேல் பக்கத்தில் சிலுவை வடிவம், மூலைகள். கடைசித் திருப்பலில் ஆறு பக்கமும் ஆறு நிறமாக வந்து நின்றன. கியூபை மெதுவாக, மேசை மேல் விரித்திருந்த சின்னப் பாயில் வைத்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்தார். எத்தனை வருடம்!

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கையையும் அதன் மேல் வைத்தால்தான் அது நிற்கும். சிறுமி சொல்லக்கூடாது, விதி. அவள் கண்கள் மட்டும் வெளியே வந்து விழுந்துவிடும் போலப் பெரிதாயின. அரைக்கிணறு அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

சுவரோரத்திலிருந்து குரல் வெடித்தது. "பிரேக்கு! பிரேக்கை அழுத்துங்க! ரெண்டு கையாலயும்!"

மனைவி எழுந்து நின்று வலது காலால் தரையை உதைத்துக்கொண்டிருந்தாள். அரைக்கிணறு திரும்பிப் பார்த்தார். இவ்வளவு சந்தோஷமா இவளுக்கு என்று கையசைத்தார். கையை இறக்கியபோது இரண்டு நிமிடம் தாண்டியிருந்தது.

சிறுமி சீட்டில் மூன்று எழுத்தை எழுதினாள். அவளுக்கே வருத்தமாக இருந்தது. "அங்கிள், கடிகாரத்தை நிறுத்தணும்," என்றாள், இனிச் சொல்லலாம் என்பதால்.

தலைமை நடுவர் மனைவியிடம் போய், மெல்லிய குரலில், பார்வையாளர்கள் போட்டியாளருக்கு உதவக்கூடாது என்றார். "உதவியா? நான் எங்க உதவினேன்? அவரு எங்க கேட்டாரு?" என்றாள் அவள்.

இரண்டாவது முயற்சி. இப்போது கூடத்தில் பாதிப் பேர் அந்த மேசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்த பெரியவர்களில் விளையாட வந்தவர் அவர் ஒருவர்தான் என்பது பரவியிருந்தது. விரல்கள் வழுக்கின, மச்சான் விட்ட எண்ணெய். துண்டுகள் ஆடின, மச்சான் தளர்த்திய திருகு. ஆனாலும் ஒவ்வொன்றாக வந்தது. கடைசிச் சூத்திரத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே திருப்பி, கியூபைப் பார்த்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்திருந்தது. எல்லாம் சரி. ஒரே ஒரு மூலைத் துண்டு மட்டும் தன் இடத்திலேயே திரும்பி நின்றது. சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள்.

வேறு யாராவது என்றால் எங்கோ தப்பாகத் திருப்பிவிட்டோம் என்று மறுபடி ஆரம்பித்திருப்பார்கள். மூன்று வருடம் அந்த மூலைகளோடு குடித்தனம் நடத்தியவருக்குத் தெரியும்: நியாயமாகத் திருப்பி இந்த நிலைக்கு வரவே முடியாது. லூசான கியூபில் விரல் இடறி, துண்டு தானாகத் திருகிக்கொண்டிருக்கிறது. இதற்குச் சூத்திரம் கிடையாது. ஒரே வழிதான் உண்டு. அது என்னவென்று அவர் கட்டை விரலுக்குத் தெரியும்.

அவர் சுவரோரம் பார்த்தார். மனைவி இந்த முறை சத்தம் போடவில்லை. தன் வாயைப் பொத்துவதற்குப் பதிலாகத் தம்பியின் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அந்தத் தூரத்திலிருந்து மூலை அவளுக்குத் தெரியாது. அவள் கண்ணில் இருந்ததைக் கண்டுபிடிக்க அவருக்கு எக்ஸ்ரேயும் வேண்டியதில்லை, டாக்டரும் வேண்டியதில்லை.

திருகினால் திருட்டு. திருகாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை.

'டக்.'

கியூபை வைத்து, இரண்டு உள்ளங்கையையும் கடிகாரத்தின் மேல் அறைந்தார். நின்றது. இரண்டு நிமிடத்துக்குச் சில நொடி மிச்சம்.

முதலில் முன்பல் இல்லாத பொடியன் கைதட்டினான், எல்லோரும் தட்டினார்கள். மச்சான் விரலை வாயில் வைத்து விசிலடித்தான். "முடிச்சுட்டாரு! எங்க மாமா முடிச்சுட்டாரு!" என்று பக்கத்திலிருந்த யாரோ ஓர் அம்மாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினான். மனைவி எழவில்லை. உட்கார்ந்தபடியே முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள், வியர்வை என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு.

அதுதான் தாங்கவில்லை. ஏமாற்றுவது என்றால் சிரித்துக்கொண்டிருப்பவளை ஏமாற்றலாம். அரைக்கிணறு எழுந்து நின்றார். சிறுபிள்ளைகளுக்கான நாற்காலி அவரோடு ஒட்டிக்கொண்டு பாதி எழுந்து பிறகு விழுந்தது.

"கொஞ்சம் இருங்க," என்றார். "நான் முடிக்கலை. திருடிட்டேன்."

கைதட்டல் துண்டு துண்டாக நின்றது.

"ஒரு மூலை திரும்பியிருந்தது. கையால திருகிட்டேன். எழுதாதேம்மா. அந்த மூணு எழுத்தையே போட்டுடு."

"மாமா!" என்று மச்சான் தலையில் கை வைத்தான். "யாரு கேட்டா உங்களை?"

மனைவியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிறுமிதான் முதலில் பேசினாள்.

"அது திருட்டு இல்ல அங்கிள்."

"உனக்குத் தெரியாதும்மா. எங்க வீட்டுல அது திருட்டு."

தலைமை நடுவர் வந்தார். கியூபைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கழட்டினீங்களா சார்?"

"இல்ல. அப்படியே திருகினேன்."

"ஒரே ஒரு மூலைதானே?"

"ஒரே ஒரு மூலை. ஆனா திருட்டுன்னா ஒண்ணு என்ன, நூறு என்ன?"

"சார், ஒத்தை மூலை தானாத் திரும்பிக்கிட்டா, கழட்டாம இருந்த இடத்துலயே திருகிச் சரி பண்ணிக்கலாம். விதியிலேயே இருக்கு."

"எங்க இருக்கு?"

"அஞ்சாவது பிரிவுல."

"நான் நாலாவது வரைக்கும்தான் படிச்சேன்," என்றார் அரைக்கிணறு.

கூடம் சிரித்த சிரிப்பில் சாப்பாட்டு மேசைகள் அதிர்ந்தன. பைகளுக்குக் காவலிருந்தவர்கள் பைகளை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். தலைமை நடுவர்கூடத் தாடிக்குள் சிரித்தார். சிறுமி அவசரமாகச் சீட்டில் நேரத்தை எழுதி நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க அங்கிள், மறுபடி ஏதாவது சொல்றதுக்குள்ள."

போட்டார். நிமிர்ந்தபோது மனைவி மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். பார்வையாளர் வரக்கூடாத கோட்டைத் தாண்டி வந்திருந்தாள், யாரும் தடுக்கவில்லை.

"இன்னும் மூணு இருக்காமே?" என்றாள்.

"ஒண்ணு போதும்னு நீதானே சொன்னே."

"அது விதிப்படி முடிஞ்சது. எனக்கு இன்னும் முடியலை. திருகாம ஒண்ணு வேணும்."

"வராதும்மா. கை நடுங்குது."

"நடுங்கட்டும். என்கிட்ட வர்றவங்க எல்லாருக்கும் நடுங்கும். உக்காருங்க."

உட்கார்ந்தார். மூன்றாவது முயற்சியில் இரண்டாம் அடுக்குக்கான சூத்திரமே மறந்துபோயிற்று. பச்சையைப் பார்த்து இது எந்த நிறம் என்று யோசிக்கும் நிலை. டி.என்.எஃப். நான்காவதில் தளர்ந்த கியூப் கையிலேயே வெடித்துச் சிதறியது. ஒரு துண்டு பறந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்த ஓர் அப்பாவின் டீ தம்ளருக்குள் விழுந்தது. அவர் அதை எடுத்து ஊதித் துடைத்துக் கொடுப்பதற்குள் நேரம் போய்விட்டது. டி.என்.எஃப்.

பிறகு அரைக்கிணறு ஒரு காரியம் செய்தார். தலைமை நடுவரிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் கேட்டு வாங்கி, மச்சான் தளர்த்திய ஆறு திருகையும் ஒவ்வொன்றாக இறுக்கினார். கைக்குட்டையால் எண்ணெயைத் துடைத்தார். "மாமா, ஓடாது மாமா!" என்று அங்கிருந்து கத்தினான் மச்சான். "ஓட வேண்டாம் மாப்ள. நடந்தாப் போதும்," என்றார்.

அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ வந்து நின்றார்கள். "எல் போர்டு வச்ச கார் யாரோடது? கேட்டை மறிச்சு நிக்குது!"

"இதோ வந்துட்டேன்," என்று மனைவி எழுந்தாள். "டேய், வந்து பின்னாடி பாத்துச் சொல்லு." அக்காவும் தம்பியும் வெளியே போனார்கள்.

ஐந்தாவது முயற்சிக்குச் சிறுமி மூடியைத் தூக்கியபோது சுவரோரத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. மற்றவர்களும் அடுத்த சுற்றுக்குத் தயாராகத் தத்தம் கியூபுக்குத் திரும்பிவிட்டார்கள். யாரும் பார்க்கவில்லை. அரைக்கிணறு கியூபைப் பார்த்தார். இருட்டறையில் மதிய நேரத்தில் இருப்பது போலவே இருந்தது, முணுமுணுக்கவும் செய்தார். இறுக்கமான கியூப் கரகரவென்று திரும்பியது, பழைய கதவு மாதிரி. அவசரப்படுத்தினால் மறுத்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. வெள்ளை ஒன்று சேர்ந்தது. பக்கங்கள் ஏறி வந்தன. மஞ்சள் தலையில் பூத்தது. மூலைகள் நாலும் வந்து சொன்னபடி நின்றன, ஒன்றுகூட முகத்தைத் திருப்பவில்லை. வைத்தார். உள்ளங்கை இரண்டும் கடிகாரத்தில்.

இரண்டாவது முயற்சியைவிட நேரம் கொஞ்சம் குறைவு.

"செம அங்கிள்," என்றாள் சிறுமி, கிசுகிசுப்பாக.

"திருகலை," என்றார் அவர்.

"பாத்தேன்."

வெளியே வந்தபோது பள்ளி வாசலில் ஒரே ரகளை. எதிர்வண்டிக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். மனைவி ஜன்னல் வழியே தலையை நீட்டி, "ஹாரன் அடிச்சா என் வண்டி பறக்குமா?" என்று கேட்டுக்கொண்டே அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். மச்சான் இரண்டு கையையும் வீசி, "வா, வா, வா... அக்கா போதும்!" என்று கத்தினான். அரைக்கிணறு சொல்ல வாயைத் திறந்தார். வண்டி உறுமியது. மூடினார். வண்டி ஓரம் கட்டி நின்றபோது மறுபடி திறந்தார்.

"மாமா, விடுங்க," என்றான் மச்சான், அவர் முகத்தைத் தப்பாகப் படித்து. "அஞ்சாவது போனா போகுது. திருகினதோ திருகலையோ, ஒண்ணு வந்துருச்சுல்ல. இனிமே உங்களை முக்காக்கிணறுன்னு கூப்பிடறேன்."

அவள் எதுவும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். காலடியில் அந்த இரண்டாவது பிரேக். சொல்லவில்லை. முடித்ததைச் சொல்வது எப்படி என்று அவருக்குத் தெரியாது. அந்த அனுபவம் அவருக்கு இருந்ததில்லை.

"அங்கிள்! அங்கிள்!"

இரட்டைப் பின்னல் வாசலிலிருந்து ஓடிவந்தாள். கையில் அவர் கியூப். "மேசையிலயே விட்டுட்டுப் போயிட்டீங்க. வீட்டுக்குப் போற வழியெல்லாம் இதைப் பத்தியேதான் பேசப் போறேன், அஞ்சாவது அவ்ளோ சூப்பரு," என்று மூச்சு வாங்கச் சொல்லி, கியூபை ஜன்னல் வழியே போட்டுவிட்டு ஓடினாள்.

மனைவி திரும்பினாள். "அஞ்சாவது என்ன?"

"முடிஞ்சுது."

"திருகாமலா?"

"திருகாம. அந்தப் பொண்ணையே கேளு."

பின் சீட்டிலிருந்து மச்சானின் தலை இரண்டு சீட்டுக்கும் நடுவே வந்தது. "நாங்க வெளியில இருந்தப்பவா? யாரும் இல்லாதப்பப் போயி முடிச்சிருக்காரு பாரு அக்கா!"

அவள் கியூபை எடுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். மூலைகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள்; டயரில் காற்று பார்ப்பவள் போல. எதுவும் அசையவில்லை. அதை டேஷ்போர்டின் மேல் வைத்தாள்.

"அப்போ அஞ்சுல ரெண்டு," என்றாள்.

"ஆமா. ரெண்டு."

"பாதிகூட இல்லையேங்க."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. எதிர்வண்டிக்காரர் ஹாரனை விட்டுவிட்டு என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கியரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வண்டியைத் தெருவுக்குள் விட்டாள். முதல் திருப்பத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டே, அவர் பக்கம் பார்க்காமல், வழக்கமான குத்தும் குரலில் கேட்டாள்:

"அடுத்த போட்டி எப்பவாம்?"